பிழை வரம்பு: முப்பது சென்டிமீட்டர்

பூமாரியை ராணுவத்தினர் கொண்டுபோய் ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்போதுதான் அவளுடைய அம்மா முதல்முறையாக என்னிடம் பேசினார்.

ஒரகடத்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ரங்கூனில் நான்கு. முதல் ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் அறையில் உட்கார்ந்திருந்தேன். தெரியாத எண். எடுத்தேன்.

"சுகப்பிரியாவா? நான் பூமாரியோட அம்மா பேசுறேன் தாயி. பாப்பம்மாள்."

"சொல்லுங்கம்மா."

"பிள்ளைய வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கொண்டுபோயிட்டாங்க. சோறு தின்னுக்கிட்டு இருந்தா. கை கழுவவும் விடல."

எனக்கு அது வெள்ளிக்கிழமையே தெரியும். வியாழன் மதியத்திலிருந்து அவள் என் செய்திகளைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் தோழி ஒருத்தி ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

"மாடி மாடியா தேடல தாயி. நேரா மூணாவது மாடிக்கு வந்தாங்க. நேரா எங்க வீட்டுக்கு வந்து அந்த ஜன்னலத் தொட்டுப் பாத்தாங்க. யாரோ சொல்லியிருக்கான். கீழ டீக்கடை வச்சிருக்கான்ல மாசானம், அவன்தான்னு தெருவே சொல்லுது. எங்க ஜனம். எங்க தட்டுல தின்னவன்."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"வேற யாருக்குத் தெரியும், அவ எந்த ஜன்னல்ல இருந்து வீடியோ எடுத்தான்னு?"

சிறை வாசலில் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்துப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அங்கே அப்படித்தான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெயர் எழுதிப் பார்சலைக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் இல்லை.

"கொடுத்துப் பாருங்கம்மா," என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

பூமாரியை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் கம்பெனிக்கு ரங்கூனிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே பாகம்தான் செய்கிறார்கள். அங்கே அளந்ததும் இங்கே அளந்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று வியாழக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு வீடியோவில் ஒப்பிடுவோம். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். அளவீட்டு அறையில் வேலை. அந்தப் பக்கம் அதே வேலையில் அவள். இரண்டு அறைகளும் எப்போதும் இருபது டிகிரியில் இருக்க வேண்டும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் நாங்கள் இருவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேசுவோம்.

முதல் மூன்று வாரம் ஆங்கிலத்தில் பேசினோம். எனக்கு ஆங்கிலம் வராது. வந்தாலும் பேச வராது. நான்காவது வாரம் என் கையிலிருந்து, மற்றதையெல்லாம் ஒப்பிட்டு அளக்கும் மாதிரிப் பாகமான மாஸ்டர் பீஸ் நழுவியது. "ஐயோ" என்றேன். திரையில் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க தமிழா? என்னங்க இது, இத்தனை நாளா என் உயிர வாங்கிட்டீங்களே!"

அவர்கள் அங்கே நான்கு தலைமுறை. அலுவலகத்தில் அவளுக்கு பர்மியப் பெயர், வீட்டில் பூமாரி. அதற்குப் பிறகு அளவுகளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி இருபத்தைந்து நிமிடம் பேசுவோம். நான் அதிகம் பேசாதவள். அவளிடம் பேசினேன். நவம்பரில் அவர்களுக்குத் தேர்தல் நடந்தது. சுண்டுவிரல் முழுக்க ஊதா மையோடு திரைக்கு வந்தாள். "எங்களுக்கு ஆள்காட்டி விரல்ல சின்னக் கோடுதான் போடுவாங்க," என்றேன். "உங்க ஊர்ல மைக்குப் பஞ்சமா?" என்றாள்.

பிப்ரவரி முதல் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கே தொழிற்சாலையை மூடினார்கள். எங்கள் வியாழக்கிழமை நின்றது. ஒப்பீட்டுப் படிவத்தில் ரங்கூனுக்கான வரிசையில் 'பொருந்தாது' என்று எழுதச் சொன்னார் மேலாளர். எழுதினேன்.

பூமாரி வாட்ஸ்அப்பில் பேசினாள். ஊர்வலம் போனாள். இரவு எட்டு மணிக்கு எதிர்ப்பாகத் தெருவே பாத்திரம் தட்டும் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தாள். மொபைலில் இன்டர்நெட்டை நிறுத்தியபிறகு, பக்கத்து வீட்டு வைஃபையில் பேசினாள். மார்ச் கடைசியில் ஒரு வீடியோ அனுப்பினாள். நாற்பத்தொரு விநாடி.

ஒருவர் சைக்கிளில் வருகிறார். சிப்பாய்கள் நிறுத்துகிறார்கள். அவர் இறங்கி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் தூக்குகிறார். சுடுகிறார்கள். சைக்கிள் அப்படியே நிற்கிறது.

"என் போன்ல இருந்தா ஆபத்து, அழிச்சிட்டேன்," என்றாள். "நீ வச்சுக்க. எல்லாருக்கும் காட்டு. என்னைய மட்டும் காட்டிராத."

காட்டினேன். பெயர் இல்லாத ஒரு கணக்கிலிருந்து போட்டேன். ஒரே நாளில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் கேன்டீனில் பாபு அண்ணன் போனை நீட்டினார். அவர் எங்கள் லைன் லீடர். மணிமங்கலத்துக்காரர். சொந்த நிலத்தில் ஒரு பாதி இப்போது கம்பெனி பார்க்கிங்.

"இத்த பாத்தியாம்மா? பர்மான்னு சொல்லிகினு ஒரு வீடியோ சுத்துது. அல்லாம் டுபாக்கூர். இந்தச் சேனல்ல புட்டு புட்டு வெச்சுட்டான். சினிமா ஷூட்டிங்காம். ஃபாரின்காரன் துட்டு குடுத்து கலாட்டா பண்றானாம்."

அது தமிழ் யூடியூப் சேனல். கோட்டு போட்ட ஒருவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "சுடப்போகிற நேரத்தில் யாராவது சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவார்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

என் அறைத்தோழி உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். அவளும் நானும் தென்காசிப் பக்கம்.

"ஏன் அண்ணே, போன வருசம் கேட் முன்னால பத்து நாள் உக்காந்தியளே. அப்பவும் இவன்தான சொன்னான், ஃபாரின் காசுன்னு? எத்தன டாலர் வந்துச்சு உங்களுக்கு?"

மேசையே சிரித்தது. பாபு அண்ணனும் சிரித்தார். "அது வேற, இது வேற ஒலகம்மா. நம்மள்து மெய்யாலுமே பிரச்சன. கக்கூஸுக்குப் போவ டைம் இல்ல, அத்தக் கேட்டோம்."

எது வேறு என்று நான் கேட்டிருக்கலாம். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

வெளிநாட்டுச் சேனல் ஒன்றும் அந்த வீடியோவைப் போட்டிருந்தது. கீழே, 'உண்மைத்தன்மை உறுதிசெய்யப்படவில்லை'. அதே சேனல் தங்களுக்குப் பிடிக்காத நாடு என்றால் உறுதிசெய்யாமலே நாள் முழுக்க ஓட்டும் என்று பூமாரி சொன்னாள். "சாகுறவன் சாட்சி வச்சுக்கிட்டா சாவான்?" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

இதற்கு எனக்கு ஒரு வழி தெரியும் என்று நினைத்தேன். அளந்து காட்டினால் யாரும் மறுக்க முடியாது. என் படிப்பிலும் வேலையிலும் நான் நம்பியது அது ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். சைக்கிள்காரரின் நிழல் அவர் உயரத்தில் எண்பத்தாறு சதவீதம் இருந்தது. ரங்கூனின் அட்சரேகைக்கு, அந்தத் தேதிக்கு, அது காலை ஒன்பது நாற்பது. பூமாரி சொன்ன நேரமும் அதுதான். எதிரே ஒரு பழைய கிடங்கு; பூசாத செங்கல் சுவர். கேமராவின் மட்டத்துக்கு நேராக இருக்கும் செங்கல் வரிசை மட்டும் சாயாமல் படுத்திருக்கும். தரையிலிருந்து அதுவரை எண்ணினேன். நூற்று முப்பத்தொன்பது வரிசை; ஒன்று காரையோடு ஏழரை சென்டிமீட்டர். சுவர் தெரிந்த கோணத்தை இணைய வரைபடத்தோடு ஒப்பிட்டு எந்த ஜன்னல் என்றும் கண்டுபிடித்தேன்.

"என்னட்டி, பூதக்கண்ணாடி வச்சு சுவத்த எண்ணுத?" என்றாள் உலகம்மாள்.

"கணக்கு."

"ஓவர்டைம் இல்லாத நாள்லயும் கணக்கா? கிறுக்கிட்டி நீ." ஆனாலும் டீ போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு பக்கம் எழுதினேன். எங்கள் ஆய்வு அறிக்கை மாதிரியே. இடம், தேதி, நேரம், முறை, முடிவு. சுட்டது உண்மை என்று காட்ட அவ்வளவு போதும். ஆனால் எங்கள் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: அளவு எங்கிருந்து எடுக்கப்பட்டது, பிழை வரம்பு எவ்வளவு. அதை நிரப்பாத அறிக்கை செல்லாது. ஒரு வருடத்தில் ஆயிரம் முறை நிரப்பியிருப்பேன். நிரப்பினேன்.

'கேமரா இருந்த உயரம் 10.4 மீட்டர். பிழை வரம்பு 30 செ.மீ. மூன்றாவது மாடி, படிக்கட்டுப் பக்கமிருந்து இரண்டாவது ஜன்னல்.'

அவள் பெயர் எங்கும் இல்லை. முகம் இல்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன். அந்த வெளிநாட்டுச் சேனலுக்கு அனுப்பினேன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதன்கிழமை, ரங்கூன் நேரம் காலை ஏழு மணிக்குப் போட்டார்கள். 'இந்த வீடியோ உண்மை: நிரூபிப்பது நிழல்.' என் எண்கள் எல்லாம் அழகான படங்களாக இருந்தன. 'இந்தியாவிலிருந்து ஓர் இளம் இயற்பியலாளர்' என்று ஒரு வரி. கடைசிப் படத்தில் அந்தக் கட்டிடம். மூன்றாவது மாடியில், படிக்கட்டுப் பக்கமிருந்து இரண்டாவது ஜன்னலுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி.

பூமாரிக்கு அனுப்பினேன். அவள் பார்த்தாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது.

'நல்லா அளந்திருக்க.'

அவள் என்னைத் திட்டவில்லை. வீட்டை விட்டு எங்காவது போ என்று நானும் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. புதன் காலை ஏழு மணியிலிருந்து வியாழன் பகல் ஒரு மணிவரை முப்பது மணி நேரம் இருந்தது.

பாப்பம்மாள் அம்மா பேசிவைத்தபிறகு அந்தச் சேனலுக்கு எழுதினேன். அம்புக்குறியை எடுத்துவிடுங்கள், அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டார்கள் என்று. ஞாயிறு காலை பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். படத்தை மாற்றிவிட்டார்கள். வருந்துவதாகச் சொன்னார்கள். அவளுடைய அம்மா கேமரா முன் பேசுவாரா என்று கேட்டிருந்தார்கள். முகத்தை மறைக்காமல் பேசினால் உலகத்தின் கவனம் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. நான் பதில் எழுதவில்லை.

ஞாயிறு மதியம் அம்மா மறுபடி பேசினார். குரலில் உயிர் இருந்தது.

"பார்சல வாங்கிட்டாங்க தாயி! கத்திரிக்கா குழம்பும் கருவாடும் வச்சிருந்தேன். வாங்கிட்டாங்க. பிள்ளை உள்ள இருக்கா."

"சரிம்மா. சரிம்மா."

"மாசானம் கடையத் தெருப் பசங்க அடிச்சு நொறுக்கிட்டாங்க. பால் சட்டியத் தெருவுல எறிஞ்சுட்டாங்க. அவன் வந்து என் கால்ல விழுந்து, நான் சொல்லல அக்கா, நான் சொல்லலங்கிறான். எட்டி மிதிக்கலாம்போல இருந்துச்சு. மிதிக்கல."

வாயைத் திறந்தேன். "அம்மா" என்றேன். அவர் அழ ஆரம்பித்தார். நான் மூடிக்கொண்டேன்.

உலகம்மாள் பக்கத்திலேயே இருந்தாள். அறிக்கை எழுதியபோது டீ போட்டுக் கொடுத்தவள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"சொல்லாத," என்றாள். "சொன்னா அவ வந்துருவாளா? அந்தம்மா உன்னய நம்பிப் பேசுது. இருக்கறது அந்த ஒரு ஆறுதல். அதையும் பிடுங்கணுமா?"

"அந்த ஆளு?"

"கடைதான போச்சு. உயிரா போச்சு?"

எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பாபு அண்ணன் மறுபடி போனை நீட்டினார். அதே யூடியூப் சேனல். அதே கோட்டு. இப்போது அவர் கையில் அந்தச் சிவப்பு அம்புக்குறிப் படம் இருந்தது. பழைய படம். 'பாருங்கள், எந்த மாடி, எந்த ஜன்னல் என்பதுவரை வெளிநாட்டுச் சேனலுக்குத் தெரிந்திருக்கிறது. முன்கூட்டியே கேமரா வைக்காமல் இது எப்படிச் சாத்தியம்?'

"நாந்தான் சொன்னேனே," என்றார் பாபு அண்ணன். "ஜன்னலு முதக்கொண்டு கரீட்டா போட்டுகினு கீறான் பாரு. செட்டப்பும்மா."

என் அளவுதான். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஒடம்பு சரியில்லியா? நாளைக்கு எலெக்சன் லீவுதானே, ஊருக்குப் போறியா?"

"போறேன் அண்ணே."

"போய் கரெக்டா குத்து. நம்ம கையில கீற ஒரே மேட்டரு அதான்."

மறுநாள் வாக்குப்பதிவு. கம்பெனி விடுமுறை. திங்கள் மாலையே, ஐந்து மணிக்கு நானும் உலகம்மாளும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ ஏறினோம். அங்கிருந்து செங்கல்பட்டு போய் ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆட்டோவில் எங்களோடு ஒன்பது பேர். எல்லோரும் ஊருக்கு, ஓட்டுப் போட. மடியில் பைகள். யாரோ முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார்கள். ரோட்டில் பிரசார வேன் ஒன்று கடைசி ஊர்வலத்துக்குக் கட்டிய கொடிகளோடு சும்மா நின்றது.

போன் அடித்தது. ரங்கூன்.

"பார்சலத் திருப்பிக் குடுத்துட்டாங்க தாயி," என்றார் பாப்பம்மாள் அம்மா.

அவர் அழவில்லை.

"ஏம்மா? வேற இடத்துக்கு மாத்திருப்பாங்க."

"கேட்டேன். ஒண்ணும் சொல்லல. நேத்துக் குடுத்த தூக்கையும் திருப்பிக் குடுத்தாங்க. திறந்து பாத்தேன். மூடி வச்சது வச்சபடி இருந்துச்சு. குழம்பு கெட்டுப்போயிருந்துச்சு."

ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் உலகம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பசங்க வந்திருக்காங்க. வாசல்ல நிக்கிறாங்க. ஊரடங்கு எட்டு மணிக்கு. அதுக்கு முன்னால மாசானத்த முடிச்சிடுறோம்ங்கிறாங்க. காட்டிக்கொடுத்தவன உசுரோட விட்டா நாளைக்கு இன்னொரு வீடுங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, உங்க பிள்ளைதானேங்கிறாங்க."

அங்கே அப்போது மணி ஆறேகால்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் சொல்லல. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னேன். பூமாரி சொல்லுவா, சுகப்பிரியா அளந்து பாக்காம எதையும் சொல்லமாட்டாம்மான்னு. நீ படிச்ச பிள்ளை. நீ சொல்லு தாயி. அவன்தானே?"

உலகம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"இல்லம்மா," என்றேன்.

"என்ன? கேக்கல தாயி."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஏறி வந்தது. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லவும் குரல் வராதவள் நான். கம்பெனியில் மூன்று வருடமாக மீட்டிங்கில் ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஒன்பது பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முறுக்கு மெல்லும் சத்தம்கூடக் கேட்டது.

"அவர் இல்லம்மா."

"சத்தமாச் சொல்லு தாயி. பசங்க நிக்கிறாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், அவங்களும் கேக்கட்டும். யாரு காட்டிக்குடுத்தா?"

அந்தப் பக்கம் சத்தம் மாறியது. அறை பெரிதானது போல. யாரோ இருமினார்கள்.

நான் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். ஆட்டோவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

"மாசானம் சொல்லலம்மா! மூணாவது மாடி, படிக்கட்டுப் பக்கத்துல இருந்து ரெண்டாவது ஜன்னல்னு எழுதிக் குடுத்தது நான்தான்!"